பட்டாபிராமில் ஒரு வீக்-எண்ட்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு எங்கள் வீட்டுச் செல்போன் பாடினால், மெல்போர்னிலிருந்து என் தங்கை மகன் பேசுகிறான் என்று அர்த்தம். அந்த நேரத்தில் அவனுக்கு அங்கே பகல் பன்னிரண்டு மணி. ஞாயிற்றுக்கிழமை என்கிற பாக்கியம் அந்த ஊர்க்காரர்களுக்கு நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னதாகவே கிடைத்து விடுகிறது. வெயில் காலத்தில் கடிகாரத்தை இன்னும் ஒரு மணி முன்னால் தள்ளி வைத்து விடுவார்கள்; அப்போது ஐந்தரை மணி வித்தியாசம். நாம் பல் விளக்கிக் கொண்டிருக்கும்போது அவர்கள் பாதி லீவைச் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்!

"மாமா, இந்த வீக்-எண்டுக்கு என்ன புரோகிராம்?" - இதுதான் அவன் எப்போதும் கேட்கும் முதல் கேள்வி.

ஆவடிப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். திங்கட்கிழமைக்கே புரோகிராம் இல்லாத ஆசாமியிடம் ஞாயிற்றுக்கிழமைக்குப் புரோகிராம் கேட்டால் என்ன சொல்வது? "ஒன்றுமில்லையப்பா, யாராவது வருவார்கள்" என்பேன். அவன் சிரிப்பான். பிறகு தன்னுடைய புரோகிராமைச் சொல்ல ஆரம்பிப்பான். அதை அப்புறம் சொல்கிறேன்.

யோசித்துப் பார்த்தால், பட்டாபிராம்வாசிகளின் வீக்-எண்ட் முழுவதும் அந்த இரண்டு வார்த்தைகளில் அடங்கி விடுகிறது: யாராவது வருவார்கள். ஆகையால், நேயர்களே, நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்களேன். வழி சொல்கிறேன்.

சென்னை சென்ட்ரலை ஒட்டியிருக்கும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் புறநகர் ரயில்கள் நிற்கும். திருவள்ளூர், அரக்கோணம் போகிற வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் வண்டிகள் சற்றுக் குறைவு. அதற்காக அவசரப்பட்டு முதலில் கண்ணில் படுகிற வண்டியில் ஏறி விடாதீர்கள். 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்று ஒன்று உண்டு. ராணுவக் கிடங்குகளுக்காகப் பிரிந்து போகும் கிளைப் பாதை அது. என் சகலை ஒரு தடவை பெயரில் பட்டாபிராம் இருக்கிறதே என்று அதில் ஏறினார். "ரயில் எங்கே முடிகிறதோ அங்கே இறங்கினால் போச்சு" என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக் கொண்டார். வண்டி முடிந்த இடத்தில் இறங்கிப் பார்த்தால் ஒரு மைனாவும் இரண்டு சிப்பாய்களும்தான் இருந்தார்களாம். ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் சுமந்து கொண்டு அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பகல் சாப்பாடு முடிந்து வெற்றிலை பாக்கு நடந்து கொண்டிருந்தது.

நீங்கள் உட்கார்ந்து வரும் பாதை சாமானியமானதல்ல. 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ஓடிற்றே, தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில், அது புகை விட்டுக் கொண்டு போனது இந்த வழியாகத்தான். அந்த வருஷத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். மறுபடியும் வரும்.

பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர் என்று வண்டி நின்று நின்று வரும். வார நாளில் இந்த வண்டியில் ஏறியவர் இறங்குவதற்குள் சட்டைப் பொத்தான் இரண்டு குறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அப்படியல்ல. எதிர்ப் பெஞ்சியில் ஒரு பாட்டியம்மாள் மடியில் பேரனும், பக்கத்தில் பழப் பையும், தலையில் அரை முழம் மல்லிகையுமாக உட்கார்ந்திருப்பாள். "எந்த ஸ்டேஷன்மா?" என்று கேட்பதற்குள் தன் மூன்று பெண்களையும் எங்கெங்கே கொடுத்திருக்கிறாள் என்று சொல்லி விடுவாள். ஆவடி வந்ததும் பாதி வண்டி காலியாகி விடும். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, 'சோஷலிஸ பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டதே, அந்த ஆவடிதான். அடுத்தது இந்து காலேஜ். அதற்கடுத்தது எங்கள் ஊர். சென்ட்ரலிலிருந்து சுமார் 25 கிலோ மீட்டர்.

இறங்கிச் சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலைக்கு வந்தால், 2024 நவம்பரில் திறந்த டைடல் பார்க் கட்டிடம் கண்ணில் படும். 21 மாடி. கீழே நின்று எண்ணிப் பார்த்தவர்கள் பத்தாவது மாடிக்குமேல் கழுத்தைப் பிடித்துக் கொண்டு விட்டு விடுகிறார்கள். அந்தக் கட்டிடத்தின் உயரத்தைவிட எங்கள் தெருக்காரர்களை அதிகம் அதிசயிக்க வைத்தது வேறொன்று. கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தர்களில் பலருக்குச் சனிக்கிழமையும் லீவாம்! ஆறு நாள் சைரனுக்கு ஓடியவர்களுக்கு இது கொஞ்சம் ஜீரணமாகாத சங்கதிதான். "ரெண்டு நாள் லீவை வச்சுக்கிட்டு என்னப்பா பண்ணுவீங்க?" என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்டேன். "ஒரு நாள் தூங்குவேன் சார். இன்னொரு நாள் தூங்கினதுக்காக அம்மாகிட்டத் திட்டு வாங்குவேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிவது கறிக்கடை வாசலில். ஆறு மணிக்கே வரிசை நின்று விடும். அந்த வரிசையில் நின்றால் ஊர்ச் சமாசாரம் முழுவதும் தெரியும். பத்திரிகை வாங்க வேண்டாம். அரைக் கிலோ வாங்குகிறவர் வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஒரு கிலோ என்றால் மகளும் மாப்பிள்ளையும். இரண்டு கிலோவும் தனியாக ஈரலும் என்றால் சம்பந்தி வீட்டார், சந்தேகமே வேண்டாம். "அண்ணாத்தே, இன்னைக்கு யாரு?" என்று கடைக்காரர் கத்தியை நிறுத்தாமல் விசாரிப்பார். "யாரும் இல்லை, நாங்கதான்" என்று சொல்ல நேர்ந்தால் என்னமோ கௌரவத்துக்குக் குறைவு மாதிரிதான் இருக்கும்.

எட்டு மணிக்குக் காலி மனைகளில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஆரம்பமாகும். காலி மனைகள் வருஷா வருஷம் குறைந்து வருவதால் இப்போது ஒரே மனையில் மூன்று ஆட்டம் நடக்கிறது. ஒரு ஆட்டத்தின் பந்தை இன்னொரு ஆட்டக்காரன் பிடித்து விட்டு 'அவுட்' என்று சண்டை போடுகிறான். பத்து மணிக்குள் விருந்தாளிகள் வந்து சேர்ந்து விடுவார்கள். ஆண்பிள்ளைகள் திண்ணையில் அரசியல் பேசுவார்கள். (புது வீடுகளில் திண்ணை ஏது? மாடிப்படிதான் திண்ணை.) சாப்பாடு, தூக்கம், மறுபடியும் காப்பி. மூன்று மணிக்குமேல் யாராவது ஒருவர் சோம்பல் முறித்துக் கொண்டு, "எங்கேயாவது போய் வரலாமா?" என்பார்.

போவதற்கு இடமா இல்லை? ஆவடி - பூந்தமல்லி சாலையில் பருத்திப்பட்டு ஏரி இருக்கிறது. 2019-ல் கரையைச் செப்பனிட்டு, நடைபாதை போட்டு, படகும் விட்டுப் பூங்காவாகத் திறந்தார்கள். மாலை வெயிலில் நாரைகளைப் பார்த்துக் கொண்டு நடந்தால் ஊர் மறந்து விடும். கொஞ்சம் தூரம் போகத் தயாராயிருந்தால் பூண்டி. சென்னைக்குக் குடிதண்ணீருக்காகக் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டிய நீர்த்தேக்கம். அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நான் முதலில் அழைத்துப் போவது திருநின்றவூருக்குத்தான். பட்டாபிராமிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன். அங்கே பக்தவத்சலப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்று திருநாமம். இப்படி ஒரு பெயரை எந்த ஊரில் கேட்டிருக்கிறீர்கள்! அதற்குச் சற்றுத் தள்ளி இருதயாலீசுவரர் கோயில். பூசலார் நாயனார் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சிவபெருமானுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார்; கையில் காலணா இல்லை. ஆகவே மனத்துக்குள்ளேயே நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டு, கல் கல்லாக அடுக்கி, கோபுரம் எழுப்பி, குளமும் வெட்டி விட்டார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ ராஜா தான் கட்டிய கற்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்தான். ஈசுவரன் ராஜாவின் கனவில் வந்து, "அன்றைக்குத் திருநின்றவூரில் பூசலார் கட்டிய கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் வைத்துக் கொள்" என்று சொல்லி விட்டார். ராஜா பதறிப் போய் இந்த ஊருக்கு ஓடி வந்து, "எங்கே அந்தக் கோயில்?" என்று கேட்டால், ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்தக் கதையை வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லி வருகிறவன் நான். இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். ஒரு நாள் பாத்திரம் துலக்கிக் கொண்டே கேட்டுக் கொண்டிருந்த என் வீட்டு அம்மாள், "பூசலார் பாடு தேவலை. ஒரு கோயிலோட நின்னுட்டாரு. நான் மனசாலேயே ஊரெல்லாம் சுத்தி வந்திருக்கேன்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. விருந்தாளிகளை ஏரிக்கும் கோயிலுக்கும் நான் அழைத்துப் போகும் வேளையில் இந்த அம்மாள் என்ன செய்து கொண்டிருக்கிறாள்? பகல் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி வைத்து விட்டு, திரும்பி வருகிறவர்களுக்கு ராத்திரி டிபனுக்கு மாவு அரைத்துக் கொண்டிருக்கிறாள்!

மெல்போர்ன் பையனின் புரோகிராமை அப்புறம் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அதைக் கேளுங்கள். சனிக்கிழமை காலையில் குழந்தைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம். ஆம், வாரத்தில் ஒரு நாள் 'அ, ஆ' படிக்கக் காரில் போகிறார்கள். பிறகு மகனுக்குக் கிரிக்கெட். சாமான் வாங்க இரும்புக் கடைக்குப் போனால், வாசலில் ஏதாவதொரு ஊர்ச் சங்கத்தார் அடுப்பு வைத்து, இறைச்சிக் குழலைச் சுட்டு, ஒரு துண்டு ரொட்டியில் சுருட்டி, சங்க நிதிக்காக விற்றுக் கொண்டிருப்பார்களாம். விசேஷ நாள் என்றால் காரம் டவுன்ஸ் என்ற இடத்திலுள்ள சிவா விஷ்ணு ஆலயம். சைவத்தையும் வைணவத்தையும் ஒரே மதிலுக்குள் வைத்து நடத்துகிறார்கள். நமக்கு அந்தச் சமர்த்து வரவில்லை. கோடையில் கடற்கரை. அங்கே சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டு, அவற்றுக்கு நடுவில்தான் குளிக்கலாம் என்று காவலர்கள் பார்த்துக் கொண்டே நிற்பார்களாம். நம் மெரீனாவில் ஞாயிறு தோறும் அலையில் இறங்குகிற பிள்ளைகளை நினைத்தால், இந்த ஏற்பாடு உடனே வேண்டும் என்று தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் சிநேகிதர்களெல்லாம் ஏதாவது பூங்காவில் கூடுவார்கள். பூங்காவிலேயே சர்க்கார் செலவில் மின்சார அடுப்பு வைத்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் தகடு சூடாகும். வேண்டியதைச் சுட்டுச் சாப்பிட்டு விட்டு, அடுத்து வருகிறவருக்காகத் துடைத்து வைத்து விட்டுப் போக வேண்டியது. பெயர் 'பார்பெக்யூ'. "முக்கியமான விஷயம் என்ன தெரியுமா மாமா? அடுப்புகிட்ட நிக்கறது பெரும்பாலும் ஆம்பளைங்கதான். லேடீஸெல்லாம் நாற்காலியில உட்கார்ந்து பேசிக்கிட்டிருப்பாங்க" என்றான் பையன். இதைப் போய் ஸ்பீக்கரில் போட்டா பேசுவான்! அடுக்களையில் தாளித்துக் கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்று விட்டது.

அந்த ஊர்க்காரர்களுக்கு லீவின் அருமை தெரியும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1856-ஆம் வருஷம் - ஞாபகம் இருக்கிறதா, நம் பாதையில் முதல் ரயில் ஓடிய அதே வருஷம் - ஏப்ரல் 21-ஆம் தேதி மெல்போர்ன் கல்தச்சர்கள் உளியைக் கீழே போட்டு விட்டு, சர்வகலாசாலையிலிருந்து பார்லிமெண்டு வரையில் ஊர்வலம் போனார்கள். எட்டு மணி வேலை, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி தூக்கம் என்பது அவர்கள் கேட்டது. சம்பளத்தைக் குறைக்காமலே கிடைத்தது. அதற்காக அங்கே நாற்சந்தியில் ஒரு ஸ்தூபி நிற்கிறது. உச்சியில் மூன்று எட்டுகள்.

நமக்கும் இது சும்மா கிடைத்து விடவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிப் பல வருஷம் மன்றாடிய பிறகுதான் 1890-ல் ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு ஒப்புக் கொண்டார்கள். நீங்கள் வழியில் கடந்து வந்த பெரம்பூரில் இருந்த பஞ்சாலைகளில், நிதானமாகச் சாப்பிடக்கூட இடைவேளை போதவில்லை என்பது தொழிலாளிகளின் குறைகளில் ஒன்று, 1918-ல் பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் சேர்ந்து நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கேதான் பிறந்தது. 1923 மே முதல் தேதி சிங்காரவேலர் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவிலேயே முதல் மே தினம் அது. மெரீனாவில் 1959-ல் வைத்த உழைப்பாளர் சிலைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக நின்று போட்டோ எடுத்துக் கொள்கிறார்கள் அல்லவா? அந்த நாலு பேர் பாறையைத் தள்ளியதால்தான் நாம் போட்டோவுக்கு நிற்கிறோம் என்று நான் என் பேத்தியிடம் சொன்னேன். "அவங்களுக்கு இன்னைக்கு லீவு இல்லையா தாத்தா?" என்று கேட்டாள்.

ஆஸ்திரேலியாவில் வாரம் 40 மணி வேலை என்று ஏற்பட்டது 1948 ஜனவரியில். அதே 1948-ல் நம் நாட்டில் பாக்டரிச் சட்டம் வந்தது. வாரத்துக்கு 48 மணிக்குமேல் வேலை வாங்கக் கூடாது; வாரத்தில் ஒரு நாள் லீவு; அதிகப்படி வேலைக்கு இரட்டைச் சம்பளம். இப்படி வந்ததை அவ்வப்போது தட்டிப் பார்க்கவும் தவறுவதில்லை. 2023 ஏப்ரலில், நாளைக்கு 12 மணி வேலைக்கு இடம் கொடுக்கும் திருத்தம் ஒன்று நம் சட்டசபையில் நிறைவேறிற்று. பெரிய எதிர்ப்புக் கிளம்பி, பத்து நாளில், மே தினத்தன்றே அதை வாபஸ் பெறுவதாக அறிவித்தார்கள்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் விருந்தாளிகளுக்கு விஸ்தாரமாகப் பிரசங்கம் செய்து கொண்டிருந்தேன். குழம்பு ஊற்ற வந்த என் வீட்டு அம்மாள் கரண்டியுடன் நின்றாள்.

"என்னங்க, அதிகப்படி வேலைக்கு இரட்டைச் சம்பளம்னு சொன்னீங்களே?"

"ஆமாம், 59-வது பிரிவு."

"அப்ப முப்பத்தோரு வருஷத்து ஞாயித்துக்கிழமைக்கு எனக்கு எவ்வளவு வரணும்? கணக்குப் போட்டு வையுங்க. அப்பளம் பொரிச்சிட்டு வர்றேன்."

சட்டத்தில் அவளுக்கு ஒரு பிரிவும் இல்லை. நெடுஞ்சாலை ஜவுளிக்கடையில் ஞாயிற்றுக்கிழமையும் நிற்கிற பெண்ணுக்குக்கூட வேறொரு நாள் லீவு உண்டு. உட்கார ஆசனம் கொடுக்க வேண்டும் என்று 2021-ல் சட்டம் செய்தார்கள். அடுக்களைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வருவதில்லை. அன்று ராத்திரி நான் வாஸ்தவமாகவே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். முப்பத்தொன்றை ஐம்பத்திரண்டால் பெருக்கினால் 1,612. அதற்குமேல் பெருக்க மனசு வரவில்லை.

அடுத்த வாரம் பையனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "அங்கே வந்த புதுசில நடந்தது மாமா" என்று ஒரு கதை சொன்னான். ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு அழைத்து, "வரும்போது ஒரு தட்டு கொண்டு வா" என்றாராம். பாவம், அவர்கள் வீட்டில் தட்டுப் பஞ்சம் போலிருக்கிறது என்று எண்ணி, இவன் ஒரு நல்ல எவர்சில்வர் தட்டைத் துடைத்து எடுத்துக் கொண்டு போனான். போய்ப் பார்த்தால் வந்தவர்களெல்லாம் தட்டு நிறைய ஏதாவது பலகாரம் கொண்டு வந்திருக்கிறார்கள்! அந்த ஊர் வழக்கில் 'தட்டு' என்றால் தட்டிலே பட்சணம் என்று பொருளாம். அங்கே புதிதாகக் குடியேறுகிறவர்கள் பலரும் இதில் ஏமாந்திருக்கிறார்களாம்.

"இதுக்கு மெல்போர்ன் வரைக்கும் போகணுமா? நம்ம கூட்டாஞ்சோறுதானே!" என்றாள் என் வீட்டு அம்மாள். சின்ன வயதில் தெருப் பிள்ளைகளெல்லாம் ஆளுக்கொரு பிடி அரிசி, பருப்பு, காய் என்று கொண்டு வந்து, மூன்று கல் வைத்துப் பொங்கித் தின்ற கூட்டாஞ்சோறு!

"அப்படியானால் அடுத்த ஞாயிறு நாமும் அப்படியே செய்வோமே" என்றேன் நான்.

உடனே முகம் மாறி விட்டது. "அதெப்படி? நம்ம வீட்டுக்கு வர்றவங்க சோறு கட்டிக்கிட்டு வர்றதா? இந்த வீட்டுல அடுப்பு எரியலைன்னு நாலு பேர் பேச மாட்டாங்களா?"

இதுதான் நேயர்களே, கஷ்டம்! லீவு வேண்டும் என்பவளும் அவள்தான். லீவு கொடுத்தால் மானம் போகிறது என்பவளும் அவள்தான். மூன்று நாள் சமாதானப் பேச்சு நடந்தது. கடைசியில், சோறும் ரசமும் தன்னுடைய பொறுப்பு, மற்றதை வருகிறவர்கள் கொண்டு வரலாம் என்று உடன்படிக்கை ஏற்பட்டது. நான் நாலு வீட்டுக்கும் போன் செய்தேன். என் அண்ணி மட்டும், "ஏன், என் கைக்கு இவ்வளவு நாள் அங்கே வேலை இல்லையா?" என்று கொஞ்சம் கோபித்துக் கொண்டார். பிறகு, "எத்தனை பேருக்குக் கொண்டு வரணும்?" என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ரசம் கொதித்து இறங்கி விட்டது. சோற்றுக்கு இன்னும் நேரம் இருந்தது. விருந்தாளிகள் ஒரு மணிக்குத்தான் வருவார்கள். என் வீட்டு அம்மாள் கூடத்தில் உட்கார்ந்தாள், எழுந்தாள், துலக்கிய பாத்திரத்தையே மறுபடியும் துலக்கினாள். கைக்கு வேலை இல்லாமல் எப்படி உட்காருவது என்பது அவளுக்குத் தெரியவில்லை. "புடவை மாத்திக்கிட்டு வா, திருநின்றவூருக்குப் போய் வரலாம்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து விட்டு உள்ளே போனாள்.

முப்பத்தோரு வருஷத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், கல்யாணமோ கருமாதியோ இல்லாமல் நாங்கள் இருவரும் சேர்ந்து ரயில் ஏறியது அதுதான் முதல் தடவை. இரண்டே ஸ்டேஷன். ஆனாலும் ஜன்னலோரம் உட்கார்ந்து கொண்டாள். நெமிலிச்சேரி வந்ததும், "இவ்வளவு சீக்கிரமாவா வந்துடுது?" என்றாள். இருதயாலீசுவரர் சந்நிதியில் ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வந்து, "நான் நினைச்சதைவிடச் சின்னக் கோயில். ஆனா நல்லா இருக்கு" என்றாள். பூசலார் கதையை நான் ஆரம்பிக்கப் போனேன். "தெரியும், வாங்க" என்று சொல்லி விட்டாள்.

பகல் விருந்து எப்படி நடந்தது என்று கேட்கிறீர்களா? நாலு வீட்டுக்குப் போன் செய்த நான், யார் என்ன கொண்டு வருவது என்று மட்டும் சொல்ல மறந்து விட்டேன். மூன்று வீட்டிலிருந்து புளியோதரை வந்தது. நாலாவது என் சகலை. அவர் இந்தத் தடவை சரியான ரயிலில் சரியான நேரத்துக்கு வந்தார். கையில் இரண்டு டஜன் வாழை இலை! "எல்லாரும் தட்டு கொண்டு வரணும்னு சொன்னீங்களே. தட்டு எதுக்கு? கழுவுறது யாரு?" என்றார். அவரை அன்றைக்கு என் வீட்டு அம்மாள் பாராட்டியதுபோல் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. சோறு வடிக்கவே இல்லை. ரசத்தைத் தம்ளரில் ஊற்றிக் குடித்தோம். மாலையில் பருத்திப்பட்டு ஏரிக்கு இரண்டு ஆட்டோ நிறையப் போனோம். இந்தத் தடவை வீட்டைப் பூட்டிக் கொண்டு.

மறுவாரம் ஏழரை மணிக்குப் போன் வந்தது. "மாமா, இந்த வீக்-எண்டுக்கு என்ன புரோகிராம்?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் என் வீட்டு அம்மாள் போனை வாங்கிக் கொண்டாள்.

"பூண்டிடா. இன்னைக்கு ரசம் உன் மாமா வைக்கிறாரு."

அது எனக்கே அப்போதுதான் தெரியும்! இதுவரையில் ஐந்து ஞாயிற்றுக்கிழமை ரசம் வைத்திருக்கிறேன். முதல் மூன்றைப் பற்றிப் பேச வேண்டாம். நாலாவதை விருந்தாளிகள் குடித்தார்கள். ஐந்தாவதை இரண்டாம் முறை கேட்டார்கள். கேட்டவர் என் சகலைதான் என்பதால் அதை முழுசாக நம்புவதற்கில்லை. நீங்களே வந்து சொல்லுங்கள். திருவள்ளூர் வண்டியில் ஏறுங்கள். வரும்போது ஏதாவது கொண்டு வாருங்கள். புளியோதரை மட்டும் வேண்டாம்.